பேர் சொல்ல விரும்பாத சகோதரன்

நாகர்கோவில் வடசேரியிலிருந்து கீரிப்பாறைக்குப் போகும் தடத்தில் நான் கண்டக்டராக இருந்த காலத்தில் எனக்கு வாய்த்த டிரைவர்களில் ஜான்ரோஸைப் போல வாய் திறக்காத மனிதன் வேறு யாரும் கிடையாது. விசில் கொடுத்தால் எடுப்பான், விசில் கொடுத்தால் நிறுத்துவான். நடுவில் பஸ்ஸுக்குள் அடிதடியே நடந்தாலும் ரோட்டைத்தான் பார்ப்பான். ஹாரனை அழுத்தியே ஊரைக் கூட்டுகிற டிரைவர்களோடு பழகிய எனக்கு முதல் வாரம் பெரிய எரிச்சலாக இருந்தது. "ஓய், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டே விட்டேன். சிரித்தான்.

அவனுக்கும் சேர்த்துப் பேச ஒரு மகள் இருந்தாள். ரெஜிஷா. நாகர்கோவிலில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. காலையில் நாங்கள் கீரிப்பாறையிலிருந்து இறங்கி வரும்போது அவள் ஊர் நிறுத்தத்தில் முன்வாசல் வழியாக ஏறி, அப்பாவுக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியின் மேல் போய் உட்காருவாள். சூடு ஏறும், பின்னால் போ என்று நான் சத்தம் போட்டால் பள்ளிக்கூடப் பையை அடியில் போட்டுக்கொண்டு அதன்மேல் உட்காருவாள். அதிலிருந்து வடசேரி வரைக்கும் வாய் மூடாது. ராத்திரி கண்ட கனவைச் சொல்லத் தொடங்குவாள். பாதியில் ரோட்டோரம் ஒரு மயில் நின்றால் கனவு போய் மயில் வந்துவிடும். மயிலை முடிப்பதற்குள் இறச்சகுளம் வந்துவிடும், அங்கே அவள் சிநேகிதி ஒருத்தியின் அத்தை வீடு, பிறகு அந்த அத்தையின் கதை. ஜான்ரோஸ் ரோட்டைப் பார்த்தபடியே 'ம்' போட்டுக்கொண்டிருப்பான். அந்த ஒரு 'ம்' போதும் அவளுக்கு.

இறங்கும்போது எதையாவது விட்டுவிட்டுத்தான் போவாள். குடை, சாப்பாட்டுப் பாத்திரம், ஒரு தடவை செருப்பில் ஒன்று. ஒற்றைச் செருப்போடு எப்படி நடந்தாய் என்று சாயங்காலம் கேட்டால், அப்போதுதான் தன் காலையே குனிந்து பார்க்கிறாள். சவம், இதை எங்கே கொண்டு சேர்க்க என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவளும் என்னோடு சேர்ந்து சிரிப்பாள்.

இன்று அவள் படித்து முடித்து வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, பேரை எல்லாம் மாற்ற வேண்டும், ஊரைச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மாற்றியாகிவிட்டது. ஊரை நான் சொல்லப் போவதில்லை.

அவள் அம்மா ஜெபகுமாரி சவுதியில் தம்மாமில் நர்ஸ். பிள்ளை மூன்றாம் வகுப்பு படிக்கும்போது போனவள். அவள் அனுப்பிய சம்பளத்தில் மாடி வைத்து, தரையெல்லாம் டைல்ஸ் ஒட்டி வீடு கட்டினார்கள். அந்தப் பெரிய வீட்டில் குடியிருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். ஜான்ரோஸே சமைப்பான், துவைப்பான், பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவான். வெள்ளிக்கிழமை ஜெபகுமாரிக்கு லீவு, அன்றைக்குப் போன் வரும். அன்று மட்டும் அவன் டூட்டியில் கொஞ்சம் பரபரப்பாக இருப்பான்.

2012-ல், கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த கையோடு, பெரிய டீச்சர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்தப் பள்ளிக்கூட வாசலில் பத்தாம் வகுப்பு நூறு சதவீதம் என்று ஆண்டுதோறும் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். அந்த ஃபிளெக்ஸுக்கு ஆபத்து வருமென்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு அனுப்பிவிடுவது அவர்களுடைய வழக்கம். பெரிய டீச்சர் சொன்னதன் சுருக்கம் இதுதான். பிள்ளைக்கு அறிவு இருக்கிறது, ஆனால் கிளாசில் ஆள் இருப்பதில்லை. பரீட்சைத் தாளில் மூன்று கேள்விக்கு அழகாகப் பதில் எழுதிவிட்டு, மிச்சப் பக்கமெல்லாம் பூனை வரைந்து வைத்திருக்கிறாள். இதற்கென்று படித்த யாரிடமாவது காட்டி, என்னவென்று கேட்டுக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் மே மாதம் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபகுமாரி போனில் ஒரு பேர் சொன்னாள். அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கு இப்படிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். கவனம் ஓரிடத்தில் நிற்காத ஒரு குறைபாடாம், ஏ.டி.டி. என்று பேராம். சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, சரியான ஆள் உட்கார்த்திப் பார்த்துச் சொன்னால் அதற்கு வழி உண்டு, கண்டவனிடம் கொண்டுபோகாதே என்றாள். ஜான்ரோஸ் அந்த மூன்று எழுத்தையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு மறுநாள் டூட்டிக்கு வந்தான். முதல் டிரிப் முடிவதற்குள் ஸ்டீயரிங் வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. கீரிப்பாறை டீக்கடையில் கையை என் முன்னால் விரித்துக் காட்டினான்.

"அண்ணாச்சி, ஒரு பிள்ளைய நம்பிக் கொண்டுபோயி காட்ட நம்ம ஊர்ல யாரு இருக்கா?"

அவன் என்னிடம் அதுவரை பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது. எனக்கு யாரைத் தெரியும்? காய்ச்சலுக்கு ஒரு டாக்டரைத் தெரியும், பல்லுக்கு ஒரு டாக்டரைத் தெரியும். இருந்தாலும் விடவில்லை, நாகர்கோவிலில் ஒரு குழந்தை டாக்டர் பேரைச் சொன்னேன். பெரிய கூட்டம் வருகிற இடம். போனார்கள். டாக்டர் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே, இந்த வயதில் எல்லாம் இப்படித்தான், செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள் என்று சொல்லி ஞாபக சக்திக்கு ஒரு டானிக் எழுதினார். ரெஜிஷாவிடம் செல்போனே கிடையாது. அந்த டானிக்கையும் அவள் குடிக்க மறந்து போனாள்.

பிறகு மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு ஆலோசனை மையம் என்று யாரோ சொன்னார்கள். அந்த ஆளின் பேருக்குப் பின்னால் போர்டு கொள்ளாத அளவுக்கு இங்கிலீஷ் எழுத்துகள். பத்து விரல் ரேகையையும் மெஷினில் வைத்து எடுத்து, மூளையின் இடது பக்கம் இவ்வளவு, வலது பக்கம் இவ்வளவு என்று கலர் கலராகப் படம் போட்டுக் கொடுத்தானாம். பிள்ளைக்குக் கப்பல் துறைதான் சரியாக வரும் என்றானாம். நான் கேட்டுக் கொதித்துப் போனேன். விரல் ரேகையைப் பார்த்து மூளையைச் சொல்வதற்கு இவன் என்ன குறி சொல்கிறவனா? அந்தத் திருட்டுப் பயலை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவனை ஜான்ரோஸ்தான் பிடித்து நிறுத்தினான். ரெஜிஷா அதையும் என்ஜின் மூடியில் உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். "மாமா, நான் கேப்டனாயிட்டா உங்களுக்குக் கப்பல்ல டிக்கெட் கிழிக்க வேல தாரேன்" என்றாள். அதுவரைக்கும் அவளுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. அப்பாவோடு ஊர் சுற்றுகிற சந்தோஷம்.

ஜான்ரோஸுக்குச் சந்தோஷம் இல்லை. மே மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பொண்டாட்டி அக்கரையில், சொந்தக்காரர்களிடம் சொன்னால் நாளைக்குக் கல்யாணப் பேச்சின்போது எடுத்து வைப்பார்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒரு மனிதன் எத்தனை நாள் சுமப்பான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகு போதகரிடம் போய் நின்றான். மகளுக்காக ஜெபிக்கச் சொன்னான். பேர் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். போதகர் தோளில் கைவைத்து, கவலைப்படாதே, பேர் வராது என்றார்.

அந்தச் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் ஜெப விண்ணப்பம் வாசிப்பார்கள். நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, சபையே சேர்ந்து ஜெபிக்கும். நல்ல வழக்கம்தான். ஆனால் கோபுரத்தில் நாலு பக்கமும் குழாய் மைக் கட்டியிருந்தார்கள். சபைக்குள் சொல்வது குளத்தங்கரை வரைக்கும் கேட்கும். அடுத்த ஞாயிறு போதகர் அதில் சொன்னது இது: "பேர் சொல்ல விரும்பாத, நம் சபையில் பஸ் ஓட்டுகிற ஒரு சகோதரன், தன்னுடைய மகளின் மூளையில் உள்ள குறை நீங்கும்படி ஜெபிக்கக் கேட்டிருக்கிறார்."

அந்தச் சபையில் பஸ் ஓட்டுகிறவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு இருப்பது ஒரு மகள்தான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியவர்கள் வாயிலிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சர்ச்சில் மகள் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாளாம். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடுவழியாகவே வெளியே நடந்து போனாளாம். ஆண்கள் பக்கத்தில் ஜான்ரோஸ் தலை குனிந்தவன் நிமிரவே இல்லையாம். போதகர் கண்ணை மூடி உருகி உருகி ஜெபித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு ரெஜிஷா பின்வாசலில் ஏறினாள். கடைசி சீட்டின் மூலையில் போய் உட்கார்ந்தாள். ஒரு பெண்பிள்ளை அவளிடம் வல்லாரைக் கீரை அரைத்துக் குடிக்கச் சொன்னாள். இன்னொருத்தி, "ஏட்டி, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பாப்பம்" என்று பஸ்ஸே கேட்கிற மாதிரிக் கேட்டாள். டிக்கெட் வாங்கியாச்சுல்லா, வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று நான் அந்த அம்மாவை ஏசினேன். டிப்போவுக்குப் புகார் போனது, போகட்டும். மறுநாளிலிருந்து ரெஜிஷா எங்கள் பஸ்ஸில் ஏறவில்லை. அவள் ஊரில் நாங்கள் நிறுத்தும்போது நிறுத்தத்தில்தான் நிற்பாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அடுத்த பஸ்ஸில் போய், பள்ளிக்கூடத்தில் தாமதத்துக்கு வெளியே நின்று, அதற்கும் திட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போவதை நிறுத்திவிட்டாள்.

என்ஜின் மூடியின் மேல் வேறு யாரோ மூட்டை வைத்தார்கள். ஜான்ரோஸ் பழையபடி ரோட்டைப் பார்த்து ஓட்டினான். ஆனால் சில வளைவுகளில் அவன் வாய் தானாக 'ம்' என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு டிக்கெட் கொடுக்கப் பின்னால் போய்விடுவேன். என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

"வீட்டுல பேச்சே இல்ல அண்ணாச்சி" என்றான் ஒருநாள். "சோறு வச்சா தின்னுகா. டைல்ஸ் தரையில அவளுக்க செருப்புச் சத்தம் மட்டும் கேக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன்னை யார் அங்கே போய்ச் சொல்லச் சொன்னது, ஊருக்கே தண்டோரா போட்டது மாதிரி ஆகிவிட்டதே என்று டீக்கடை என்றும் பார்க்காமல் கத்தினேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"நான் ஆண்டவர்ட்டதான் அண்ணாச்சி சொன்னேன். இடையில மைக் இருக்கத மறந்துட்டேன்."

போதகரிடம் போய்க் கேட்டாயா என்றதற்கு, கேட்டேன் என்றான். போதகருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நான் பேர் சொல்லவில்லையே ஜான்ரோஸ் என்றாராம். நல்ல மனிதர், ராத்திரி பகல் பாராமல் நோயாளி வீட்டுக்குப் போகிறவர். அவரிடம் சண்டை போடவும் இவனால் முடியவில்லை.

இந்தச் சமயத்தில் ஜெபகுமாரி தம்மாமில் தன்னோடு வேலை பார்க்கிற மலையாளி நர்ஸுகளிடம் விசாரித்து, திருவனந்தபுரத்தில் ஒரு அம்மாவின் பேர் வாங்கிக் கொடுத்தாள். வத்சலா. இதற்கென்றே படித்து, பிள்ளைகளை மட்டும் பார்க்கிறவர். அந்த நர்ஸுகளில் ஒருத்தியின் தம்பியை அவர்தான் பார்த்துச் சரியாக்கினாராம். ஆனால் ஜான்ரோஸுக்கு இப்போது படிப்பின் மேலும் நம்பிக்கை இல்லை, போர்டின் மேலும் நம்பிக்கை இல்லை, நல்ல மனிதர் என்கிற பேச்சின் மேலும் நம்பிக்கை இல்லை. பிள்ளையைக் கூப்பிடாமல், லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்து, முன்னறையில் நாற்காலியில் பாதி நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த அம்மாவைப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டான். பைத்தியமா உனக்கு என்று கேட்டேன்.

"கதவு நல்லா அடையுது அண்ணாச்சி" என்றான். "உள்ள பேசினது ஒரு வார்த்த வெளிய கேக்கல. காத்திருக்க ஆள பேரச் சொல்லி விளிக்கல, அந்த அம்மாவே வெளிய வந்து கைகாட்டிக் கூட்டிட்டுப் போறாவ. ஒரு பிள்ளைக்க தள்ள உள்ள போயி அழுதிருப்பா போல, வேற வழியாக்கும் வெளிய அனுப்பினாவ."

ஒரு டிரைவர் வண்டி எடுக்கும் முன்னால் டயரைத் தட்டிப் பார்ப்பது மாதிரி அவன் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் மூன்று பேருமாகக் கிளம்பினோம். நான் எதற்கு என்றால், பிள்ளை அவனோடு பேசுவதில்லை, வழியில் பேச ஒரு ஆள் வேண்டும். களியக்காவிளையில் இறங்கிக் கேரளா பஸ்ஸில் ஏறினோம். அந்த டிரைவர் ஓட்டிய ஓட்டத்தில் ஜான்ரோஸ் சீட்டில் உட்கார்ந்தபடியே வலது காலால் தரையை மிதித்து மிதித்துப் பிரேக் போட்டுக்கொண்டு வந்தான். வேறொரு நாள் என்றால் ரெஜிஷா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். பாறசாலை தாண்டிய பிறகு ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அங்க நம்ம ஊர் ஆளுவ வருவாவளா?"

வரமாட்டார்கள் என்று சொன்னேன். எனக்கு என்ன தெரியும், இருந்தாலும் சொன்னேன்.

வத்சலா என்கிற அந்த அம்மா பருத்திச் சேலையில், நரைத்த தலையோடு, ஒரு சாதாரண டீச்சரைப் போல இருந்தார். மலையாளம் கலந்த தமிழில் பேசினார். ரெஜிஷாவை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். ஜான்ரோஸ் சொன்னது உண்மைதான், ஒரு சொல் வெளியே கேட்கவில்லை. காலையில் போனவள் மதியம் சாப்பிட வெளியே வந்தாள், மறுபடி போனாள். பிறகு ஜான்ரோஸைக் கூப்பிட்டார்கள். மகள் வெளியே வந்து எனக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, அங்கிருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே நடந்ததை ஜான்ரோஸ் பிறகுதான் சொன்னான். பிள்ளை ஐந்தாறு வயதில் எப்படி இருந்தாள் என்று கேட்டபோது அவனுக்குப் பதில் தெரியவில்லை. அப்போதெல்லாம் அவன் மதுரைத் தடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான், வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த அம்மா தம்மாமுக்கே போன் போட்டார். ஜெபகுமாரி வார்டுக்கு வெளியே நின்று எல்லாம் சொன்னாளாம், சொல்லிவிட்டு அழுதாளாம். கடைசியில் அந்த அம்மா சொன்னது, ஜெபகுமாரி சந்தேகப்பட்டது சரிதான். கவனக் குறைபாடு. புத்தியில் ஒரு குறையும் இல்லை, சொல்லப்போனால் வயதுக்கு மேல் புத்தி. முன்பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும், வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்க வேண்டும், மாதம் ஒரு தடவை இங்கே வர வேண்டும். மருந்து தேவையா என்று தன்னோடு இருக்கிற டாக்டர் கொஞ்ச நாள் பார்த்துச் சொல்லுவார். பயப்பட ஒன்றுமில்லை.

அவன் எழுந்தபோது, இன்னொன்று என்று நிறுத்தினாராம். மகள் உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. கதவுப் பக்கம் நின்றுகொண்டே, நீங்கள் எந்தச் சர்ச்சுக்குப் போவீர்கள் என்று கேட்டாள். நான் சர்ச்சுக்குப் போவதில்லை, விசேஷத்துக்குக் கோயிலுக்குப் போவேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கோயிலில் மைக் உண்டா என்று கேட்டாளாம். உண்டு, அதில் பாட்டு மட்டும்தான் போடுவார்கள் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாளாம்.

"இது எதனாலென்று நான் அவளிடம் கேட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லலாமா என்றும் கேட்டேன். இதை மட்டும் சொல்லலாம் என்றாள். மற்றதெல்லாம் இந்த அறையில்தான் இருக்கும்" என்றாராம்.

வெளியே வந்த ஜான்ரோஸ் எங்களைப் பார்க்கவில்லை. முற்றத்துக் குழாயடியில் போய் முகத்தைக் கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். ரெஜிஷா மீன் தொட்டியை விட்டுவிட்டு அவன் முதுகைப் பார்த்தாள்.

திரும்பும்போது களியக்காவிளையில் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில், அவன் அவளிடம் கேட்டான். "ஸ்கூல்ல பெரிய டீச்சர்ட்ட சொல்லட்டா மக்களே?"

அவள் வந்து நின்ற ஒரு பஸ்ஸின் போர்டைப் பார்த்தாள். பிறகு, "அசெம்பிளில எனக்காக ஜெபம் பண்ணுவாவ" என்றாள்.

"அப்ப சொல்லல."

சொல்லவில்லை. மே மாதம் டி.சி.யை வாங்கிவிட்டான். அதே பஸ் தடத்தில் உள்ள ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் கொண்டு சேர்த்தான். ஜெபகுமாரி போனில் கத்தினாள். பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கத்தானே நான் இங்கே கிடந்து சாகிறேன் என்றாள். சில வெள்ளிக்கிழமை அவள் போனே செய்யவில்லை, அவன் போனை டாஷ்போர்டில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். காரணம் தெரிந்திருந்தும் நானும் ஏசினேன், நல்ல பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாயே மடையா என்று. ஊரில் யாருக்கும் அவன் காரணம் சொல்லவில்லை. காரணம் சொன்னால் மகள் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு டீச்சருக்கு மட்டும் தெரிய வேண்டும் என்று திருவனந்தபுரத்து அம்மா சொன்னபோது, அந்த ஒருவர் யார் என்பதைக்கூட ரெஜிஷாதான் பார்த்து வைத்துச் சொன்னாள்.

ஆனாலும் அவள் எங்கள் பஸ்ஸில் ஏறவில்லை. வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். திருவனந்தபுரத்துக்கு அவனோடு போய் வருவாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

ஜூன் மாதம் அந்தச் சபையில் ஸ்தோத்திர ஞாயிறு வந்தது. ஜெபம் கேட்டு நன்மை பெற்றவர்கள் எழுந்து மைக்கின் முன்னால் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பிள்ளை வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறது, முகம் தெளிந்திருக்கிறது என்று போதகருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். முந்தின வாரமே ஜான்ரோஸைக் கூப்பிட்டு, எழுந்து நாலு வார்த்தை சொல்லு, மற்றவர்களுக்கு விசுவாசம் வளரும் என்றார். வேண்டாம் என்றான். கூச்சப்படுகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு எனக்கு வேறொரு டிரைவரோடு டூட்டி. சர்ச்சுக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் நேரம் ஆவதற்காகப் பஸ் நின்றது. குழாய் மைக்கில் ஒரு அம்மா மகனுக்கு விசா வந்ததைச் சொல்லி முடித்தாள். அடுத்து போதகர் குரல், நல்ல கனத்த குரல்.

"சில மாதங்களுக்கு முன்னால் நாம் ஜெபித்த, பேர் சொல்ல விரும்பாத அந்தச் சகோதரன் இப்போது எழுந்து சாட்சி சொல்லுவார்."

பஸ்ஸில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குழாயில் இரைச்சல் மட்டும் வந்தது. யாரோ இருமினார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது, அதை யாரோ அடக்கினார்கள். சகோதரன் எழுந்து வரலாம் என்று போதகர் மறுபடி சொன்னார். மறுபடியும் இரைச்சல். அந்தச் சபையில் அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியிருக்கும், அவன் முழங்காலில் கைவைத்து ரோட்டைப் பார்ப்பது மாதிரி நேரே பார்த்து உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த இரைச்சல் நாலு பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார்.

"அவனுக்குக் கொழுப்பப் பாத்தியளா, ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லக் கூடாதா?" என்றாள் முன்சீட்டில் ஒருத்தி. நான் விசிலைக் கொடுத்தேன். அன்றிலிருந்து சபையில் அவனோடு முகம் கொடுத்துப் பேச ஆள் குறைந்துவிட்டது. அவன் உட்காருகிற பெஞ்சில் இரண்டு பக்கமும் இடம் கிடக்கும் என்று சொன்னார்கள். அவன் போவதை நிறுத்தவில்லை. ஞாயிறு தோறும் வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போய், கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருவான்.

அந்த ஸ்தோத்திர ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை. கீரிப்பாறையிலிருந்து இறங்கி வந்தோம். அவள் ஊர் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தினான். ரெஜிஷா அரசுப் பள்ளிக்கூடச் சீருடையில் நின்றாள். எப்போதும் போல வேறு பக்கம் பார்க்கவில்லை. முன்வாசல் வழியாக ஏறி, என்ஜின் மூடியில் இருந்த யாருடைய வாழைக்குலையையோ கீழே இறக்கி வைத்துவிட்டு, பையை அடியில் போட்டு உட்கார்ந்தாள். விசில் கொடுக்க மறந்து நான் நின்றேன். அவனும் எடுக்கவில்லை.

"நேத்து வீட்டுல இருந்து கேட்டுட்டே இருந்தேன்" என்றாள். "மைக்கில ஒண்ணும் வரல."

ஜான்ரோஸ் ரோட்டைத்தான் பார்த்தான். "இனி வராது மக்களே" என்றான்.